புறநகர் வீடுகளில் கூரைச் சூரிய மின்சாரம்: செலவு, மானியம், முதலீடு மீளும் காலம்

வீட்டின் மொட்டை மாடியில் சூரியத் தகடுகளைப் பொருத்தி, அவற்றிலிருந்து கிடைக்கும் மின்சாரத்தை வீட்டுக்கும் பொது மின்கட்டமைப்புக்கும் பயன்படுத்தும் முறை கூரைச் சூரிய மின்னமைப்பு எனப்படும். இதற்கான தொகையில் பெரும்பகுதி தொடக்கத்திலேயே செலவாகிறது. பயனோ, குறையும் மின்கட்டணமாகப் பல ஆண்டுகளில் சிறிது சிறிதாகக் கிடைக்கிறது. போட்ட பணம் இவ்வாறு திரும்பி வர ஆகும் காலமே முதலீடு மீளும் காலம் ஆகும்.

தகடு விற்போர் எல்லா வீட்டுக்கும் பொதுவாக நான்கு ஆண்டு, ஐந்து ஆண்டு என்று ஒரு காலத்தைச் சொல்வது வழக்கம். உண்மையில் அப்படி ஒரு பொது எண் கிடையாது. ஒரே தெருவில், ஒரே விலையில், ஒரே அளவு தகடு பொருத்திய இரண்டு வீடுகளில் ஒன்றுக்கு மூன்று ஆண்டுகளில் பணம் திரும்பலாம். மற்றொன்றுக்குத் தகட்டின் ஆயுளே முடிந்தாலும் திரும்பாமல் போகலாம். இந்த வேறுபாட்டுக்குக் காரணம் வெயில் அன்று, மின்கட்டணப் படிநிலை. சென்னையின் புறநகர்ப் பகுதிகளான தாம்பரம், குரோம்பேட்டை, ஆவடி, அம்பத்தூர் போன்ற இடங்களில் உள்ள தனி வீடுகளை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை அதை விளக்குகிறது.

அடிப்படை அளவுகள்

கிலோவாட் என்பது ஓர் அமைப்பின் திறனைக் குறிக்கும். யூனிட் என்பது உற்பத்தியான அல்லது செலவான மின்சாரத்தின் அளவு. ஒரு கிலோவாட் திறன் ஒரு மணி நேரம் முழுமையாக இயங்கினால் ஒரு யூனிட் மின்சாரம் கிடைக்கும்.

சென்னைப் பகுதியில் நிழல் விழாத மாடியில் உள்ள ஒரு கிலோவாட் அமைப்பு, ஆண்டுச் சராசரியாக நாள் ஒன்றுக்கு ஏறத்தாழ 4 யூனிட் மின்சாரம் தரும். தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதங்களுக்கு ஒருமுறை கணக்கிடப்படுவதால், ஒரு கிலோவாட்டுக்கு ஒரு பில் காலத்தில் சுமார் 240 யூனிட் என்று கொள்ளலாம். 2 கிலோவாட் அமைப்பு 480 யூனிட்டும், 3 கிலோவாட் அமைப்பு 720 யூனிட்டும் தரும்.

இது சராசரி மட்டுமே. மார்ச், ஏப்ரல் மாதங்களில் உற்பத்தி கூடுதலாக இருக்கும். வடகிழக்குப் பருவமழை பெய்யும் நவம்பர், டிசம்பர் மாதங்களில் குறையும். வெப்பம் கூடினால் உற்பத்தியும் கூடும் என்று பலர் எண்ணுகின்றனர். தகட்டுக்குத் தேவை ஒளியே தவிர வெப்பம் அன்று. தகட்டின் வெப்பநிலை 25 பாகை செல்சியசைத் தாண்டும் ஒவ்வொரு பாகைக்கும் உற்பத்தி ஏறத்தாழ 0.3 முதல் 0.4 சதவீதம் குறைகிறது. கத்திரி வெயில் நாட்களில் தகடு 60 பாகைக்கு மேல் சூடேறக்கூடும். ஆகவே மே மாதத்தில் எதிர்பார்த்த அளவு கிடைக்காவிட்டால் அதைப் பழுது என்று கருத வேண்டியதில்லை.

இடத்தைப் பொறுத்தவரை, ஒரு கிலோவாட்டுக்குச் சுமார் 100 சதுர அடி நிழலற்ற பரப்பு தேவைப்படும். 540 வாட் தகடுகளாக இருந்தால் 3 கிலோவாட்டுக்கு ஆறு தகடுகள் போதும்.

அமைப்பின் பகுதிகள்

தகடுகள் நேர்மின்னோட்டத்தை உற்பத்தி செய்கின்றன. வீட்டுக் கருவிகளுக்குத் தேவைப்படுவது மாறுமின்னோட்டம். ஒன்றை மற்றொன்றாக மாற்றும் கருவி இன்வெர்ட்டர் ஆகும். இவற்றோடு தகடுகளைத் தாங்கும் துத்தநாகம் பூசிய இரும்புச் சட்டம், கம்பிகள், மின்னல் பாதுகாப்பு, நில இணைப்பு, இருவழி மீட்டர் ஆகியவை சேர்ந்ததே முழு அமைப்பு.

புறநகர் வீடுகளில் பெரும்பாலும் பொருத்தப்படுவது மின்கட்டமைப்போடு இணைந்த, மின்கலம் இல்லாத அமைப்பு. விலை குறைவு என்பது இதன் நன்மை. ஆனால் தெருவில் மின்சாரம் நின்றால், பட்டப்பகலிலும் இந்த அமைப்பு நின்றுவிடும். கம்பியில் பழுது பார்க்கும் ஊழியரின் மீது வீட்டிலிருந்து மின்சாரம் பாயாமல் இருக்க இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடுமாறு வடிவமைக்கப்பட்டுள்ளது. மின்தடைக்குத் தீர்வாகவே சூரிய மின்சாரத்தை நாடுவோர் மின்கலத்துடன் கூடிய கலப்பு வகையைத்தான் வாங்க வேண்டும். அதன் விலை கணிசமாக உயரும். மின்கலத்தைச் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்றும் செலவும் உண்டு. இக்கட்டுரையில் வரும் கணக்குகள் மின்கலம் இல்லாத அமைப்புக்கு உரியவை.

நிகர அளவீடு

வீட்டில் பலரும் வெளியே சென்றிருக்கும் பகல் நேரத்தில்தான் தகடுகள் அதிக மின்சாரம் தருகின்றன. குளிர்சாதனம் ஓடுவதோ பெரும்பாலும் இரவில். இந்தப் பொருத்தமின்மையைத் தீர்ப்பதே நெட் மீட்டரிங் என்று பரவலாக அழைக்கப்படும் நிகர அளவீடு.

பகலில் மிஞ்சும் மின்சாரம் கட்டமைப்புக்குச் செல்கிறது. இரவில் தேவைப்படுவது கட்டமைப்பிலிருந்து வருகிறது. இருவழி மீட்டர் இரண்டையும் தனித்தனியே பதிவு செய்கிறது. பெற்ற யூனிட்டுகளிலிருந்து கொடுத்த யூனிட்டுகளைக் கழித்து, மிஞ்சுவதற்கு மட்டும் வழக்கமான படிநிலைப்படி கட்டணம் விதிக்கப்படுகிறது. ஒரு வீடு இரண்டு மாதத்தில் கட்டமைப்பிலிருந்து 450 யூனிட் பெற்று 330 யூனிட் கொடுத்திருந்தால், பில் 120 யூனிட்டுக்கு மட்டுமே வரும்.

கொடுத்தது பெற்றதைவிட அதிகமானால், அந்த உபரி அடுத்த பில்லுக்குக் கொண்டு செல்லப்படும். கோடையில் சேர்ந்தது மழைக்காலத்தில் உதவும். ஆனால் ஆண்டு முழுவதும் உபரியாகவே இருக்கும்படி பெரிய அமைப்பை வைத்து, மின்சாரம் விற்று வருமானம் பார்க்கலாம் என்று திட்டமிடுவது தவறு. நிகர அளவீடு, பில்லைக் குறைப்பதற்கான ஏற்பாடே அன்றி வருமானத்துக்கானது அன்று. அமைப்பின் திறன் வீட்டுக்கு அனுமதிக்கப்பட்ட மின்பளுவுக்குள் இருக்க வேண்டும் என்ற வரம்பும் உண்டு.

கம்பிகளையும் மின்மாற்றிகளையும் பயன்படுத்துவதற்காக, உற்பத்தியாகும் யூனிட்டுக்கு வலைப்பின்னல் கட்டணம் என்ற பெயரில் ஒரு சிறு தொகை விதிக்கும் நடைமுறையும் உண்டு. மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் ஆணைகளுக்கு ஏற்ப இது மாறக்கூடியது என்பதால், விண்ணப்பிக்கும் நேரத்தில் தம் இணைப்பு வகைக்கு அது உண்டா என்று மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் கேட்டறிவது நல்லது.

மானியங்கள் வளர்ந்த விதம்

இந்தியாவில் சூரிய மின்சாரத்துக்கான தேசியத் திட்டம் 2010 ஜனவரியில் ஜவகர்லால் நேருவின் பெயரில் தொடங்கப்பட்டது. தமிழ்நாடு அரசு 2012இல் தனிச் சூரிய ஆற்றல் கொள்கையை வெளியிட்டது. அதையொட்டி, வீட்டுக் கூரை அமைப்புகளுக்குக் கிலோவாட்டுக்கு 20,000 ரூபாய் ஊக்கத்தொகை அறிவிக்கப்பட்டது. 2019இல் மாநிலத்தின் புதிய சூரிய ஆற்றல் கொள்கை வந்தது.

இப்போது நடைமுறையில் உள்ள பெரிய திட்டம், மத்திய அரசு 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமரின் சூரிய வீடு இலவச மின்சாரத் திட்டம். 'பிஎம் சூர்யா கர்' என்பது இதன் சுருக்கப் பெயர். ஒரு கோடி வீடுகளை இலக்காகக் கொண்டு, 75,021 கோடி ரூபாய் மதிப்பீட்டில், 2026–27 நிதியாண்டு வரைக்குமாக இத்திட்டத்துக்கு ஒப்புதல் அளிக்கப்பட்டது. இதன்படி வீடுகளுக்குக் கிடைக்கும் மானியம்:

- 1 கிலோவாட்: 30,000 ரூபாய்
- 2 கிலோவாட்: 60,000 ரூபாய்
- 3 கிலோவாட்டும் அதற்கு மேலும்: 78,000 ரூபாய்

முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதற்கு 18,000 ரூபாய், அதற்கு மேல் எதுவும் இல்லை என்பதே இந்தப் பட்டியலின் பொருள். அடுக்குமாடிக் குடியிருப்புகளின் நலச்சங்கங்கள் தண்ணீர் மோட்டார், மின்தூக்கி, பொது விளக்குகள் போன்றவற்றுக்காக அமைத்தால் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் கிடைக்கும்.

திட்டத்தின் பெயரில் உள்ள 'இலவசம்' என்ற சொல்லைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். மாதம் 300 யூனிட் வரை இலவசம் என்பது அரசு தரும் மின்சாரம் அன்று. வீட்டார் தம் பணத்தையும் மானியத்தையும் சேர்த்துப் பொருத்திய தகடுகள் தரும் மின்சாரமே அது.

மானியம் பெறுவதற்கு மூன்று நிபந்தனைகள் முக்கியமானவை. தகடுகளும் அவற்றிலுள்ள சூரிய மின்கலங்களும் இந்தியாவில் செய்யப்பட்டவையாக இருக்க வேண்டும். பதிவு பெற்ற நிறுவனமே பொருத்த வேண்டும். மின் இணைப்பு விண்ணப்பதாரரின் பெயரில் இருக்க வேண்டும். புறநகர்களில் பலருக்குத் தடையாக இருப்பது மூன்றாவது நிபந்தனைதான். வீட்டை வாங்கிய பிறகும் இணைப்பைக் கட்டுநர் பெயரிலோ பழைய உரிமையாளர் பெயரிலோ விட்டுவைத்திருப்போர், பெயர் மாற்றத்தை முதலில் முடிக்க வேண்டும்.

மானியம் விலையிலிருந்து முன்கூட்டியே கழிக்கப்படுவதில்லை. முழுத் தொகையும் முதலில் செலுத்தப்பட்டு, மீட்டர் பொருத்தி, ஆய்வு முடிந்து, அமைப்பு இயங்கத் தொடங்கிய பிறகே அது வங்கிக் கணக்குக்கு வரும். கையிருப்பைத் திட்டமிடும்போது இந்த இடைவெளியைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

மறைமுகச் சலுகையாக, 2025 செப்டம்பர் 22 முதல் சூரிய மின் கருவிகளுக்கான சரக்கு மற்றும் சேவை வரி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. பழைய விலைப்பட்டியலை வைத்துக்கொண்டு பேசும் விற்பனையாளரிடம் இதைக் கேட்கலாம்.

கட்டணப் படிநிலை

முதலீடு எப்போது மீளும் என்பதற்கான விடை இந்தப் பகுதியில்தான் உள்ளது. தமிழ்நாட்டில் 2024 ஜூலை முதல் வீட்டு இணைப்புகள் செலுத்தும் கட்டணம் இரண்டு மாதப் பயன்பாட்டுக்குப் பின்வருமாறு அமைந்தது. 2025 ஜூலையில் ஆணையம் கட்டணத்தை உயர்த்தியபோது, வீடுகளுக்கான உயர்வை மாநில அரசே ஏற்றுக்கொண்டது.

மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் இருந்தால்:

- முதல் 100 யூனிட்: கட்டணம் இல்லை
- 101 முதல் 200 வரை: யூனிட்டுக்கு 2.35 ரூபாய்
- 201 முதல் 400 வரை: 4.70 ரூபாய்
- 401 முதல் 500 வரை: 6.30 ரூபாய்

மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால்:

- முதல் 100 யூனிட்: கட்டணம் இல்லை
- 101 முதல் 400 வரை: 4.70 ரூபாய்
- 401 முதல் 500 வரை: 6.30 ரூபாய்
- 501 முதல் 600 வரை: 8.40 ரூபாய்
- 601 முதல் 800 வரை: 9.45 ரூபாய்
- 801 முதல் 1,000 வரை: 10.50 ரூபாய்
- 1,000க்கு மேல்: 11.55 ரூபாய்

இதில் இரண்டு செய்திகள் உள்ளன. முதலாவது, சூரிய மின்சாரம் பில்லை மேலிருந்து வெட்டுகிறது. 1,000 யூனிட் செலவழிக்கும் வீட்டில் தகடு தரும் முதல் யூனிட் 10.50 ரூபாயை மிச்சப்படுத்துகிறது. 300 யூனிட் வீட்டில் அதே யூனிட் 4.70 ரூபாயைத்தான் மிச்சப்படுத்தும். கடைசி 100 யூனிட்டுக்கு வந்துவிட்டால், தகடு தருவதன் மதிப்பு பூச்சியம். ஏனெனில் அவை ஏற்கெனவே இலவசம்.

இரண்டாவது, 500 யூனிட் என்பது ஒரு செங்குத்தான விளிம்பு. 500 யூனிட்டுக்குப் பில் 1,805 ரூபாய். 510 யூனிட்டுக்கு 2,124 ரூபாய். பத்தே யூனிட் கூடியதற்கு 319 ரூபாய் அதிகம். அந்தப் பத்து யூனிட்டின் 84 ரூபாயுடன், 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளுக்கு இருந்த பாதி விலைச் சலுகையும் பறிபோவதே இதற்குக் காரணம்.

மூன்று வீடுகளின் கணக்கு

விலைகள் தகட்டின் வகை, சட்டத்தின் உயரம், நிறுவனம் ஆகியவற்றைப் பொறுத்து மாறும். கணக்கை விளக்குவதற்காக 1 கிலோவாட் 75,000 ரூபாய், 2 கிலோவாட் 1,40,000, 3 கிலோவாட் 2,00,000, 4 கிலோவாட் 2,60,000 என்று வைத்துக்கொள்வோம். மானியம் போக வீட்டார் கையிலிருந்து செல்வது முறையே 45,000, 80,000, 1,22,000, 1,82,000 ரூபாய். வலைப்பின்னல் கட்டணமும் பராமரிப்பும் இதில் சேர்க்கப்படவில்லை.

*முதல் வீடு: 300 யூனிட்.* குளிர்சாதனம் இல்லாத நடுத்தர வீடு. இரண்டு மாதப் பில் 705 ரூபாய். ஆண்டுக்கு 4,230 ரூபாய். ஒரு கிலோவாட் பொருத்தினால் நிகரப் பயன்பாடு 60 யூனிட்டாகக் குறைந்து பில் முழுவதும் நீங்கும். 45,000 ரூபாய் மீள 10 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். 'மானியம் முழுதாகக் கிடைக்கும்' என்ற பேச்சை நம்பி 3 கிலோவாட் பொருத்தினாலும் மிச்சமாவது அதே 4,230 ரூபாய்தான். 1,22,000 ரூபாய் மீள ஏறத்தாழ 29 ஆண்டுகள் ஆகும். தகடுகளுக்கான உத்தரவாதமே பொதுவாக 25 ஆண்டுகள்தான்.

*இரண்டாம் வீடு: 600 யூனிட்.* ஒரு குளிர்சாதனம் உள்ள வீடு. பில் 2,880 ரூபாய். ஆண்டுக்கு 17,280 ரூபாய். 2 கிலோவாட் பொருத்தினால் நிகரப் பயன்பாடு 120 யூனிட். பில் 47 ரூபாய். ஆண்டு மிச்சம் சுமார் 17,000 ரூபாய். 80,000 ரூபாய் ஐந்து ஆண்டுகளுக்குள் மீளும். இதே வீடு 3 கிலோவாட்டுக்குப் போனால் கூடுதலாகக் கொடுப்பது 42,000 ரூபாய். கூடுதலாக மிச்சமாவது ஆண்டுக்கு 300 ரூபாய்கூட இல்லை. ஐந்தாண்டு ஏழாண்டாகிவிடும்.

*மூன்றாம் வீடு: 1,000 யூனிட்.* இரண்டு மூன்று குளிர்சாதனங்கள், தண்ணீர் சூடேற்றி, மோட்டார் உள்ள வீடு. பில் 6,870 ரூபாய். ஆண்டுக்கு 41,220 ரூபாய். 3 கிலோவாட்டில் நிகரப் பயன்பாடு 280 யூனிட். பில் 611 ரூபாய். ஆண்டு மிச்சம் சுமார் 37,500 ரூபாய். 1,22,000 ரூபாய் மூன்றேகால் ஆண்டில் மீளும். நான்காவது கிலோவாட் பில்லை முழுவதும் நீக்கும். ஆனால் அதற்கு மானியம் இல்லாததால் 60,000 ரூபாய் கூடுதலாகச் செலவழித்து ஆண்டுக்கு 3,700 ரூபாய்க்கும் குறைவாகவே மிச்சமாகும். அந்தக் கடைசிக் கிலோவாட் மட்டும் மீள 16 ஆண்டுகள் ஆகும்.

பில்லைப் பூச்சியமாக்குவது நல்ல குறிக்கோள் அன்று என்பதை இம்மூன்று கணக்குகளும் காட்டுகின்றன. நிகரப் பயன்பாட்டை 100 முதல் 300 யூனிட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்துவதே பெரும்பாலான வீடுகளுக்கு இலாபகரமானது. அதற்குக் கீழே உள்ள யூனிட்டுகளை அரசின் மின்மானியம் ஏற்கெனவே மலிவாக்கிவிட்டது. அவற்றைத் தகட்டால் ஈடுசெய்வது இலவசப் பொருளை விலை கொடுத்து வாங்குவதற்கு ஒப்பாகும்.

கடன் வாங்கலாமா?

3 கிலோவாட் வரையிலான அமைப்புகளுக்கு அரசுடைமை வங்கிகள் பிணையின்றிக் குறைந்த வட்டியில் கடன் தருகின்றன. மாதத் தவணை மின்கட்டண மிச்சத்தைவிடக் குறைவாக இருந்தால் கடன் பொருளுள்ளது.

ஒரு லட்சம் ரூபாய்க் கடனுக்கு 6.5 சதவீதம் வட்டி என்றால் முதல் ஆண்டில் வட்டி மட்டும் ஏறத்தாழ 6,500 ரூபாய். மூன்றாம் வீட்டுக்கு இது இரண்டு பில் காலத்து மிச்சத்தில் அடங்கிவிடும். முதல் வீட்டுக்கோ ஆண்டு முழுவதும் மிச்சமாகும் 4,230 ரூபாய் வட்டிக்கே போதாது. அசல் குறையவே குறையாது. ஓய்வூதியத்தில் வாழும் முதியவர்களும் சிறு குடும்பங்களும் வீட்டுவாசலில் வரும் விற்பனைப் பேச்சைக் கேட்டுக் கடன் பத்திரத்தில் கையெழுத்திடும் முன் இந்த ஒரு கணக்கையாவது போட்டுப் பார்க்க வேண்டும்.

குறைந்த பயன்பாடு உள்ள வீட்டுக்குத் தகட்டைவிட நல்ல முதலீடுகள் உண்டு. பழைய மின்விசிறி ஏறத்தாழ 75 வாட் எடுத்துக்கொள்ளும். புதிய பிஎல்டிசி வகை விசிறி ஏறத்தாழ 30 வாட் எடுத்துக்கொள்ளும். நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்தில் ஒரு விசிறிக்கு 32 யூனிட் மிச்சம். மூன்று விசிறிகளை மாற்றினால் 300 யூனிட் வீடு 203 யூனிட்டுக்கு வந்து, பில் 705 ரூபாயிலிருந்து சுமார் 249 ரூபாயாகக் குறையும். விசிறி ஒன்று 3,000 ரூபாய் என்று கொண்டால், 9,000 ரூபாய்ச் செலவு மூன்றேகால் ஆண்டில் மீண்டுவிடும்.

புறநகர் மாடிகளுக்கு உரிய சிக்கல்கள்

*நிழல்.* தகடுகள் தொடராக இணைக்கப்படுவதால் ஒன்றின் மீது விழும் நிழல் மற்றவற்றின் உற்பத்தியையும் இழுத்துக் குறைக்கும். தென்னை மரம், மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி, மாடிப்படி அறை ஆகியவற்றின் நிழலைக் காலை 9 மணி முதல் மாலை 4 மணி வரை பார்க்க வேண்டும். குளிர்காலத்தில் சூரியன் தெற்கே தாழ்ந்து செல்வதால் நிழல் நீளும். டிசம்பர் மாத நிழலே உண்மையான சோதனை. தெற்குப் பக்கம் காலி மனை இருந்தால் இன்னும் கவனம் தேவை. அங்கே மூன்று மாடிக் கட்டடம் எழுந்தால் கணக்கு முழுவதும் மாறிவிடும்.

*திசையும் சாய்வும்.* சென்னை வடக்கு 13 பாகை நிலநேர்க்கோட்டில் உள்ளது. ஆகவே தகடுகள் தெற்கு நோக்கி, ஏறத்தாழ அதே அளவு சாய்வில் இருப்பது ஏற்றது. கிழக்கு, மேற்கு நோக்கிப் பொருத்தினாலும் உற்பத்தி ஓரளவே குறையும். வடக்கு நோக்கிய செங்குத்தான சாய்வு தவிர்க்கத்தக்கது.

*காற்றும் வெள்ளமும்.* 2016 டிசம்பர் 12 அன்று சென்னையைத் தாக்கிய வர்தா புயலில் காற்று மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் வீசியது. தகடு காற்றுக்குப் பாய்மரம் போன்றது. துணி உலர்த்தவும் நடமாடவும் இடம் வேண்டும் என்று உயரமான சட்டம் அமைப்போர், அதற்கேற்ப வலுவான நங்கூரமும் கூடுதல் செலவும் தேவை என்பதை மறக்கக் கூடாது. தளத்தைத் துளையிட்டால் நீர்க்கசிவுத் தடுப்பையும் அதே நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டுப் பெற வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையால் புறநகர்களில் தரைத்தளங்கள் நீரில் மூழ்கின. எனவே இன்வெர்ட்டரையும் மீட்டரையும் வாகன நிறுத்தத் தளத்தில் தாழ்வாகப் பொருத்துவது சரியன்று.

*தூசியும் எச்சமும்.* நெடுஞ்சாலை, கட்டுமானப் பணிகள் அருகில் உள்ள வீடுகளில் தூசி படிந்து உற்பத்தி குறையும். மாதம் இருமுறை, காலையில் தகடு சூடேறும் முன், சாதாரணத் தண்ணீரால் கழுவினால் போதும். உப்புநீர் கிணறு உள்ள இடங்களில் அந்த நீர் தகட்டில் வெண்படிவத்தை விட்டுச்செல்லும். மழைநீர் அல்லது குடிநீர் ஏற்றது.

*அடுக்குமாடிகள்.* மொட்டை மாடி எல்லா உரிமையாளர்களுக்கும் பொதுவானது. ஒரு வீட்டார் தனியே பொருத்த மற்றவர்களின் எழுத்து ஒப்புதல் தேவைப்படும். பொதுப் பயன்பாட்டு இணைப்புக்காகச் சங்கமே அமைப்பது தகராறு குறைந்த வழி.

நீண்டகாலக் கணக்கு

தகடுகளின் உற்பத்தி ஆண்டுக்கு ஏறத்தாழ அரை சதவீதம் குறையும். 25ஆம் ஆண்டில் தொடக்கத் திறனில் சுமார் 80 சதவீதம் இருக்கும் என்பது தயாரிப்பாளர்கள் வழக்கமாகத் தரும் உத்தரவாதம். இன்வெர்ட்டர் அவ்வளவு காலம் உழைக்காது. பத்து ஆண்டுகளை ஒட்டி அதை மாற்ற வேண்டி வரலாம்.

இரண்டாம் வீட்டின் 2 கிலோவாட் அமைப்பை மீண்டும் எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 17,000 ரூபாய் வீதம் 25 ஆண்டுகளில் 4,25,000 ரூபாய். தேய்மானத்துக்குப் பத்து சதவீதம் கழித்து, முதலீடு 80,000 ரூபாயையும் இரண்டு முறை இன்வெர்ட்டர் மாற்ற 60,000 ரூபாயையும் கழித்தாலும், இரண்டு லட்சம் ரூபாய்க்கு மேல் மிஞ்சும். கட்டணம் உயர்ந்தால் இந்தத் தொகை கூடும். நிகர அளவீட்டு விதிகள் பிற்காலத்தில் மாறினால் குறையவும் கூடும். முதலீடு விரைவில் மீளும் வீடுகளை இத்தகைய மாற்றங்கள் அதிகம் பாதிக்காது. பத்து ஆண்டுக்கு மேல் காத்திருக்கும் வீடுகளே இடரைச் சுமக்கின்றன.

கொள்கை நோக்கில்

இந்த ஏற்பாட்டில் ஒரு முரண் உள்ளது. மானியம் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆனால் அதன் முழுப் பயனை அடைவது அதிக மின்சாரம் செலவழிக்கும், சொந்த மாடி உள்ள குடும்பம். வாடகை வீட்டில் இருப்போருக்கும் சிறு பயன்பாட்டாளருக்கும் அது எட்டுவதில்லை. அதே வேளையில், உயர்ந்த படிநிலையில் பணம் செலுத்தி வந்த நுகர்வோர் குறைந்தால், அந்தப் பணத்தைக் கொண்டு சிறு பயன்பாட்டாளருக்குச் சலுகை அளிக்கும் மின்பகிர்மானக் கழகத்தின் வருவாயும் குறைகிறது. வலைப்பின்னல் கட்டணம் பற்றிய விவாதங்களுக்கு அடிப்படை இதுவே. மறுபுறம், மாடியில் உற்பத்தியாகும் மின்சாரம் அருகிலேயே செலவாவதால் கம்பிவழி இழப்பு குறைகிறது. நிலக்கரியின் தேவையும் குறைகிறது. இரண்டையும் சேர்த்து எடைபோடுவதே சரியான மதிப்பீடு.

தம் வீட்டுக்குக் கணக்கிடும் முறை

1. கடந்த ஓர் ஆண்டின் ஆறு பில்களையும் எடுத்து, ஒவ்வொன்றிலும் உள்ள யூனிட்டுகளைக் குறிக்க வேண்டும். கோடைக்காலப் பில்லை மட்டும் பார்த்தால் அமைப்பு தேவைக்கு மேல் பெரிதாகிவிடும்.

2. ஆறின் சராசரியிலிருந்து 200 யூனிட்டைக் கழித்து, மிஞ்சுவதை 240ஆல் வகுத்தால் பொருத்தமான கிலோவாட் அளவு தோராயமாகக் கிடைக்கும். 600 யூனிட் வீட்டுக்கு இது 1.7, அதாவது 2 கிலோவாட். 300 யூனிட் வீட்டுக்கு அரைக் கிலோவாட்டுக்கும் குறைவு. அதாவது தகடு தேவையில்லை.

3. தற்போதைய கட்டணத்தில் பழைய பில்லையும் புதிய பில்லையும் தனித்தனியே கணக்கிட்டு, வேறுபாட்டை ஆறால் பெருக்கினால் ஆண்டு மிச்சம் கிடைக்கும். யூனிட்டுக்குச் சராசரி விலை ஒன்றை வைத்துப் பெருக்குவது தவறான விடையைத் தரும்.

4. மானியம் போக வரும் விலையை ஆண்டு மிச்சத்தால் வகுக்க வேண்டும். ஆறு ஆண்டுக்குள் வந்தால் நல்ல முதலீடு. பத்தைத் தாண்டினால் முதலில் மின்சிக்கனத்தைப் பார்ப்பது மேல்.

5. மின்வாகனம், மின்னடுப்பு, இன்னொரு குளிர்சாதனம் ஆகியவை அடுத்த ஓரிரு ஆண்டுகளில் உறுதியாக வரவிருந்தால் மட்டும் அவற்றின் யூனிட்டுகளைச் சேர்த்துக்கொள்ளலாம். பின்னர் தகடுகளைக் கூட்ட இடம்விட்டு அமைப்பதும் ஒரு வழி. ஆனால் மானியம் எந்த அளவுக்கு அப்போதும் கிடைக்கும் என்பதை முன்னரே கேட்டுக்கொள்ள வேண்டும்.

குறைந்தது மூன்று நிறுவனங்களிடம் விலை கேட்டு, தகட்டின் வகை, இன்வெர்ட்டரின் உத்தரவாத ஆண்டுகள், சட்டத்தின் கனம், ஐந்தாண்டுப் பராமரிப்பு, மீட்டர் கட்டணம் யார் பொறுப்பு என்பவற்றை எழுத்தில் பெற்று ஒப்பிட வேண்டும். விலைப்பட்டியலில் 'முதலீடு மீளும் காலம்' என்று ஓர் எண் அச்சிடப்பட்டிருந்தால், அது எத்தனை யூனிட் பயன்படுத்தும் வீட்டுக்கு, எந்தப் படிநிலையில் போடப்பட்ட கணக்கு என்று கேட்க வேண்டும். அக்கேள்விக்கு விடை சொல்ல முடியாத எண்ணை நம்பிப் பணம் போடுவது சரியன்று.